இக்காலுயிட் – நூக்: 820 கி.மீ. தூரத்துக்கு ஏன் ரெண்டு நாள் காட்டுது?

பனிக்காலப்_பயணி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒப்பந்த வேலையில இக்காலுயிட்டில இருக்கிறன். கனடாவின்ர நுனாவுட் பிரதேசத் தலைநகர், பாஃபின் தீவில இருக்கு. எங்களுக்கு நேர் கிழக்கால, டேவிஸ் நீரிணைக்கு அங்கால கிரீன்லாந்தின்ர தலைநகர் நூக். மார்ச்சில ஒரு கிழமை லீவு வரும், போய்ப் பாத்திட்டு வருவம் எண்டு நினைச்சன்.

தூரம் கணக்குப் போடுற ஒரு தளத்தில ரெண்டு விமான நிலையத்தையும் குடுத்தன். 820 கி.மீ., பறக்க ஒன்றரை மணித்தியாலம் எண்டு வந்தது. பிறகு டிக்கெட் தளத்தில தேடினால் ஒட்டாவா, டொராண்டோ, ஐஸ்லாந்து எண்டு சுத்திக்கொண்டு போகுது. ரெண்டு நாள்! இதில எந்தக் கணக்கை நம்புறது? நேர் விமானம் எண்டு ஒண்டு இருக்கோ இல்லையோ?

சிவகாசி_ராக்கெட் எழுதியது:

ரெண்டுமே சரிதாண்ணே. முதல் தளம் "விமானம் இருந்தா எவ்வளவு நேரம்"னு சொல்லுது. இருக்கான்னு பாக்குறது அதோட வேலை இல்ல.

வரைபடப்_பித்தன் எழுதியது:

தூரத்தை நான் தனியாகப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தளங்கள் சில நேரம் ஊரின் நடுவை எடுக்கும், சில நேரம் ஓடுபாதையை எடுக்கும். முழுசாக நம்ப முடியாது.

இக்காலுயிட் விமான நிலையம் 63.76° வடக்கு, 68.56° மேற்கு. நூக் 64.19° வடக்கு, 51.68° மேற்கு. அட்சரேகையில் அரைப் பாகைகூட வித்தியாசம் இல்லை; தீர்க்கரேகையில் கிட்டத்தட்ட 17 பாகை. 822 கி.மீ. வருகிறது, கடல் மைலில் 444. ஆக உங்கள் தளம் சொன்ன தூரம் சரி.

பள்ளியில் "ஒரு பாகைக்கு 111 கி.மீ." என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த மாதிரி இடத்தில்தான் சறுக்குவார்கள். தீர்க்கரேகைக்கு அந்தக் கணக்கு நிலநடுக்கோட்டில் மட்டும்தான் செல்லும். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கும். 64 பாகையில் ஒரு பாகை 49 கி.மீ.யைத் தொடுவதில்லை. இதே 17 பாகையைச் சென்னையிலிருந்து நேர் கிழக்கே போனால் 1,830 கி.மீ. ஆகும், வங்கக் கடலையும் அந்தமானையும் தாண்டி மியான்மரின் தென்கரைப் பக்கம் வந்திருப்பீர்கள்.

இன்னொன்று, நாம் கைப்பேசியில் பார்க்கிற படம் மெர்கேட்டர் முறையில் வரைந்தது. அந்த அட்சத்தில் எல்லாவற்றையும் சுமார் 2.3 மடங்கு இழுத்துக் காட்டும். அதனால்தான் டேவிஸ் நீரிணை ஒரு பெருங்கடல் போலவும் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கும் கண்ணில் படுகிறது.

மேல்மாடி எழுதியது:

ஆனா விமானம் நேர்கோட்டுல போகாதே சார்? வடக்க வளைஞ்சுதானே போகும், பூமி உருண்டை மேல இருக்குற குறுக்கு வழி, பெருவட்டப் பாதைன்னு சொல்வாங்களே. அதுல எவ்வளவு மிச்சமாகும்?

வரைபடப்_பித்தன் எழுதியது:

இந்தச் சோடிக்கு 2 கி.மீ. மிச்சமாகும், அவ்வளவுதான். பாதை நடுவில் 27 கி.மீ. வடக்கே வளையும், பயணிக்குத் தெரியவே தெரியாது. தூரம் கூடக் கூடத்தான் பெருவட்டம் வேலையைக் காட்டும். அதே இக்காலுயிட்டிலிருந்து மேற்கே யெல்லோநைஃபை எடுத்துக்கொள்ளுங்கள். பெருவட்டத்தில் 2,260 கி.மீ. திசைகாட்டி முள்ளை மாற்றாமல் ஒரே கோணத்தில் போனால் 2,310. ஐம்பது கி.மீ. மிச்சம், நடுவில் பாதை 200 கி.மீ. வடக்கே ஏறியிருக்கும்.

ஆனால் அந்த மிச்சத்தை அனுபவிக்க நிற்காமல் பறக்க வேண்டும். வழியில் உள்ள ராங்கின் இன்லெட்டில் இறங்கி ஏறினால் 1,137-ம் 1,177-ம் சேர்ந்து மறுபடி 2,314 ஆகிவிடும்.

எரிபொருள்_கணக்கு எழுதியது:

நான் விமான டிஸ்பாட்ச் வேலையில் (பறப்புக்கு வழி, எரிபொருள் திட்டம் போடுவது) இருப்பவன். துருவப் பக்கம் இல்லை, நம்ம ஊர்ப் பக்கம்தான். ஆனால் கணக்கு எங்கும் ஒரே கணக்குதான், அதனால் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்தத் தளங்கள் எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் ஒரு ஜெட் விமானத்தை மனசில் வைத்துக்கொள்ளும். மணிக்கு 850 கி.மீ. அளவில் ஒரு வேகம், ஏறி இறங்க ஓர் அரை மணி. 820-ஐ 850-ஆல் வகுத்தால் 58 நிமிடம், அதோடு 30. ஒன்றரை மணி வந்துவிட்டது பாருங்கள். அதில் விமானம், காற்று, ஓடுபாதை எதுவுமே கிடையாது.

இந்தப் பாதையில் பறந்தது டேஷ் 8-200, 37 இருக்கை உள்ள டர்போப்ராப், அதாவது உந்துவிசிறி விமானம். அதன் பயண வேகம் 530 பக்கம். வெறும் வகுத்தலிலேயே 93 நிமிடம் ஆகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவதற்கான சுற்று எல்லாம் சேர்த்தால் இரண்டு மணியை ஒட்டி வரும். அப்புறம் காற்று. எதிர்க்காற்று மணிக்கு 80 கி.மீ. என்றால் நடுவழி மட்டும் 1 மணி 49 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 1 மணி 21. போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஆவது இதனால்தான். வேகம் குறைந்த விமானத்தைக் காற்று அதிகமாகப் படுத்தும். ஜெட்டுக்கு இதே காற்றில் பத்து, பதினொரு நிமிட வித்தியாசம்தான் இருக்கும்.

மேல்மாடி எழுதியது:

அப்ப ஜெட் விட வேண்டியதுதானே? நூக்ல 2,200 மீட்டர் புது ஓடுபாதை 2024 நவம்பர் 28 அன்னைக்குத் திறந்துட்டாங்க. கோபன்ஹேகன்ல இருந்து ஏ330 நேரா இறங்குது. இக்காலுயிட்ல அதைவிட நீளமா இருக்கு, 2,600 மீட்டருக்கு மேல. ரெண்டு பக்கமும் ஓடுபாதை ரெடி, நடுவுல 820 கி.மீ. என்ன பிரச்சினை?

பனிக்காலப்_பயணி எழுதியது:

இஞ்சத்த ஓடுபாதையைப் பற்றி நான் சொல்லுறன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில அமெரிக்கர் போட்ட தளத்தில இருந்து வளந்தது. ஊரை ஃப்ரோபிஷர் பே எண்டுதான் அப்ப சொல்லுறது. 1987இல பெயர் மாறியும் விமான நிலையக் குறியீடு இன்னும் ஒய்எஃப்பிதான். 2006இல ஏர்பஸ்காரர் ஏ380ஐக் கொண்டுவந்து குளிரில வைச்சுச் சோதிச்சவை. 2017 பிப்ரவரியில சூரிச்சில இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போன ஒரு 777, ஒரு எஞ்சின் நிண்டு போய் இஞ்சதான் இறங்கினது. ஏழாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊர் இது!

சிவகாசி_ராக்கெட் எழுதியது:

ஏ380 ஒரே தடவைல ஊர்ல பத்துல ஒரு பங்கை ஏத்திட்டுப் போயிடும் போல.

எரிபொருள்_கணக்கு எழுதியது:

@மேல்மாடி ஓடுபாதை நீளம் ஒரு தடையை நீக்கியது, உண்மைதான். பழைய நூக் ஓடுபாதை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அதனால்தான் பெரிய விமானம் எல்லாம் காங்கர்லுசுவாக்கில் இறங்கி, அங்கிருந்து சின்ன விமானத்துக்கு மாறி நூக் போவார்கள். ஆனால் 37 இருக்கையே வாரத்துக்கு ஒரு முறை நிரம்புமா என்று யோசிக்கிற பாதையில் 130 இருக்கை ஜெட்டை விட்டால் யார் நட்டத்தைத் தாங்குவது?

தூரத் தளத்தில் வராத இன்னொரு தூரமும் இருக்கிறது: மாற்று விமான நிலையம். நூக்கில் மூடுபனி என்றால் இறங்க முடியாமல் எங்கே போவது? காங்கர்லுசுவாக், இன்னும் 317 கி.மீ. திரும்பி வரும்போது இக்காலுயிட் மூடிக்கிடந்தால்? பாஃபின் தீவில் பக்கத்தில் உள்ள ஊர்களில் பெரும்பாலும் சரளைக்கல் போட்ட குட்டை ஓடுபாதைதான், அவற்றையும் அதே புயல் மூடியிருக்கும். தார் போட்ட, நம்பிக்கையான மாற்று என்று பார்த்தால் தெற்கே க்யூபெக்கில் உள்ள குஜுவாக், 630 கி.மீ. அதாவது 820 கி.மீ. பறக்க 1,450 கி.மீ.க்கு எரிபொருள் போட வேண்டும், அதற்கு மேல் கடைசிக் கையிருப்பு வேறு. டேஷ் 8 மாதிரிச் சின்ன விமானத்தில் ஏற்றுகிற ஒவ்வொரு கிலோ எரிபொருளும் ஒரு பெட்டியையோ ஒரு பயணியையோ கீழே இறக்கும். டிக்கெட் விலையில் பாதிக் கதை இதுதான்.

ட்ரொம்சோ_தமிழன் எழுதியது:

தம்பிமார் கதைக்கிறதை இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டு இருந்தனான். நான் வட நோர்வேயில இருக்கிறன். எண்பதுகளில மீன் தொழிற்சாலை வேலைக்கு எண்டு ஃபின்மார்க் பக்கம் வந்து சேந்த ஆக்களில நானும் ஒருத்தன், பிறகு ட்ரொம்சோவுக்கு மாறீட்டன்.

எங்கட பக்கத்துக் கணக்கை ஒருக்கா பாருங்கோ. ட்ரொம்சோவில இருந்து ஸ்வால்பார் தீவில இருக்கிற லாங்கியர்பியெனுக்கு 957 கி.மீ. உங்கட தூரத்தைவிடக் கூட. 78 பாகை வடக்கு, நடுவில முழுக்கக் கடல், குளிர்காலத்தில சூரியனே இல்லை, ஓடுபாதைக்குக் கீழ நிரந்தர உறைமண். சனத்தொகை 2,500 அளவு. ஆனால் 737 போகுது, வருசம் முழுக்கப் போகுது, ஒரு மணி நாப்பது நிமிசத்தில இறக்கி விடுறான். பனி, இருட்டு எல்லாம் சாட்டு, தம்பி. அது உள்நாட்டுப் பறப்பு, அதுதான் விசயம். ஸ்வால்பார் ஷெங்கனுக்கு (ஐரோப்பிய நாடுகளின்ர பொது விசா வட்டம்) வெளியால எண்டு பாஸ்போட் பாப்பினம், ஆனால் நோர்வே அரசுக்கு அங்க சனம் இருக்கவேணும், அதால விமானமும் இருக்கும்.

இக்காலுயிட்டும் நூக்கும் ரெண்டு தலைநகர். நூக்கில இருபதாயிரம் சனம். அப்பிடி இருந்தும் நேர் விமானம் இல்லையெண்டால் காரணத்தை ஒட்டாவாவிலயும் கோபன்ஹேகனிலயும்தான் தேடவேணும்.

வரைபடப்_பித்தன் எழுதியது:

ஐயா சொன்னதைத்தான் நானும் எழுத நினைத்தேன். பாஃபின் தீவில் பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் நோயாளியை ஒட்டாவாவுக்கு அனுப்புவார்கள். கிரீன்லாந்தில் கோபன்ஹேகனில் உள்ள ரிக்ஸ்ஹாஸ்பிட்டாலெட் மருத்துவமனைக்கு. மேல்படிப்பு, அரசு வேலை, கடைச் சாமான் எல்லாம் அதே திசையில்தான். கனடாவில் வடக்கு–தெற்கு, கிரீன்லாந்தில் மேற்கு–கிழக்கு. விமானப் பாதை அந்தப் போக்குவரத்தின் மேல் போட்ட கோடு. நீரிணைக்கு இரு கரையிலும் இருப்பவர்கள் இனுயிட் மக்கள், பேசும் மொழிகள் ஒரே குடும்பம். ஆனால் ஒருவரையொருவர் பார்க்க அவரவரை ஆண்ட தலைநகர் வழியாகப் போக வேண்டியிருக்கிறது.

பனிக்காலப்_பயணிக்குக் காட்டிய வழியைக் கூட்டிப் பார்த்தேன். இக்காலுயிட்–ஒட்டாவா 2,100. ஒட்டாவா–டொராண்டோ 360. டொராண்டோ–கெஃப்லாவிக் (ஐஸ்லாந்து) 4,170. கெஃப்லாவிக்–நூக் 1,400. மொத்தம் 8,030 கி.மீ. கிழக்கே போக முதலில் தெற்கே, பிறகு கிரீன்லாந்தைத் தாண்டி ஐஸ்லாந்து, அங்கிருந்து மேற்கே திரும்பி மறுபடி கிரீன்லாந்து. ஏறக்குறைய பத்து மடங்கு.

சிவகாசி_ராக்கெட் எழுதியது:

எதிர் வீட்டுக்குப் போக ஊர்க்கோடி வரை போய் பஸ் பிடிச்ச கதை.

மேல்மாடி எழுதியது:

காலனி ஆட்சிதான் காரணம்னு ஒரே வரியில முடிக்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். போக ஆள் இருந்தா எந்த நிறுவனமும் விமானம் விடும். 2025 கோடைல நியூயார்க் பக்கம் நெவார்க்ல இருந்து நூக்குக்கு அமெரிக்க நிறுவனம் நேர் விமானம் ஆரம்பிச்சதே, அதுல எந்த ஆட்சி உறவும் இல்லையே. சுற்றுலாக்காரன் போனான், விமானம் வந்துச்சு. இக்காலுயிட்–நூக்ல ஆள் இல்ல, அவ்வளவுதான்.

ட்ரொம்சோ_தமிழன் எழுதியது:

விமானம் இல்லாத வழியால ஆள் எப்பிடித் தம்பி போகும்? ஆள் இல்லை எண்டு விமானத்தை நிப்பாட்டுவினம், விமானம் இல்லை எண்டு ஆள் போகாது. இதை நான் இஞ்சயே பாத்திருக்கிறன். எங்கட கரையோரத்தில குட்டை ஓடுபாதை வைச்ச சின்னச் சின்ன ஊருகள்: வார்டோ, பாட்ஸ்ஃபியூர்ட், பெர்லவோக். சந்தைக் கணக்குப் பாத்தால் ஒரு விமானமும் இறங்காது. அரசு காசு குடுத்து, இந்தப் பாதையை ஓட்டவேணும் எண்டு ஒப்பந்தம் போட்டு ஓட்டுவிக்குது. டேஷ் 8 ஊருக்கு ஊர் இறங்கி ஏறிக்கொண்டு போகும். ஒரு நாட்டுக்குள்ள எண்டால் அந்தக் காசைக் குடுக்க ஒரு அரசு இருக்கு. ரெண்டு நாட்டுக்கு நடுவில ஓடுற பாதைக்கு ஆர் குடுக்கிறது? கனடா டென்மார்க்கைப் பாக்கும், டென்மார்க் கிரீன்லாந்தைப் பாக்கும்.

பனிக்காலப்_பயணி எழுதியது:

வேலை இடத்தில இருக்கிற உள்ளூர் ஆக்களிட்டை விசாரிச்சன். இந்தப் பாதை புதுசு இல்லையாம். முந்தி ஃபர்ஸ்ட் ஏர் எண்ட கனேடிய நிறுவனம் இஞ்ச இருந்து காங்கர்லுசுவாக்குக்கு ஓட்டினதாம், 2001இல நிண்டது. அடுத்த வருசமே, 2002இல, ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுப் போட்டியை நூக்கும் இக்காலுயிட்டும் சேந்து நடத்தியிருக்கினம். வழமையான விமானம் இல்லாத ரெண்டு ஊர், ஒரு போட்டி!

பிறகு 2012 கோடையில ஏர் கிரீன்லாந்து தொடங்கி, சில கோடையோட நிப்பாட்டிப்போட்டுது. 2024 கோடையில கனேடியன் நார்த்தோட சேந்து திருப்பித் தொடங்கினது, கிழமைக்கு ஒண்டு. ஆக மார்ச்சில தேடினால் வராது. நான் தேடினது பிழையான மாசம் போல.

எரிபொருள்_கணக்கு எழுதியது:

கோடையில் டிக்கெட் எடுத்தால் கடிகாரத்தைக் கவனியுங்கள். இக்காலுயிட் கோடையில் யுடிசி (உலகப் பொது நேரம்) −4. நூக் −1, 2023, 24இல் அவர்கள் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிட்டார்கள், பழைய பயணக் குறிப்புகளில் இருக்கிற நேரத்தை நம்பாதீர்கள். இப்போது மூன்று மணி வித்தியாசம். காலை 10-க்கு இக்காலுயிட்டில் கிளம்பினால் நூக் கடிகாரத்தில் பகல் 3. பாதி நாள் போய்விட்டது போல இருக்கும். திரும்பும்போது நூக்கில் 10-க்கு ஏறினால் இக்காலுயிட்டில் காலை 9. ஏறிய நேரத்துக்கு ஒரு மணி முன்பே இறங்கிவிடுவீர்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கோடைக்கால நேரத்துக்குக் கனடா மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறு, கிரீன்லாந்து மாறுவது ஐரோப்பாவோடு சேர்ந்து மார்ச் கடைசியில். நடுவில் உள்ள வாரங்களில் வித்தியாசம் இரண்டு மணிதான். அக்டோபர் கடைசியிலும் அப்படியே. இணைப்பு விமானம் வைத்திருப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

வரைபடப்_பித்தன் எழுதியது:

நேரம் சரி, திசையைப் பற்றி ஒரு சந்தேகம். காந்த வடதுருவம் பக்கத்தில் என்பதால் அங்கே திசைகாட்டி வேலை செய்யாது என்று படித்திருக்கிறேன். இந்தப் பாதையில் அது தொந்தரவா?

எரிபொருள்_கணக்கு எழுதியது:

இந்தப் பாதையில் சமாளிக்கலாம், மெய் வடக்குக்கும் (புவியியல் வடதுருவத் திசை) காந்த வடக்குக்கும் கோணம் பெரிதாக இருக்கும், அவ்வளவே. இன்னும் வடக்கே போனால்தான் ஆபத்து. கனடாவின் வடபகுதி வான்வெளியில் எல்லாத் திசையும் மெய் வடக்கை வைத்துத்தான் சொல்வார்கள். அங்கே உள்ள ரெசொலூட் பே ஊரில் ஓடுபாதை எண்ணையே "35 ட்ரூ" (மெய் வடக்குப்படி 35) என்று படிக்க வேண்டும்.

2011 ஆகஸ்ட் 20 அன்று யெல்லோநைஃபிலிருந்து அங்கே போன ஃபர்ஸ்ட் ஏர் 6560, ஒரு 737-200, ஓடுபாதைக்குக் கிழக்கே உள்ள குன்றில் மோதியது. 15 பேரில் 12 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கையில் சொன்ன காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, இறங்கும்போது திசைக்காட்டும் கருவி சில பாகை தவறிப்போனது. விமானம் பாதையை விட்டு விலகுகிறது என்று துணை விமானி பலமுறை சொல்லியும் இறக்கத்தைக் கைவிடவில்லை. எங்கள் பயிற்சி வகுப்புகளில் இன்றும் அந்த உரையாடலை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள்.

மேல்மாடி எழுதியது:

படிக்கவே கஷ்டமா இருக்கு.

வேற ஒரு கேள்வி. எனக்கு இந்திய பாஸ்போர்ட், ஷெங்கன் விசா இருக்கு. டென்மார்க் விசாவை வச்சு நூக் போகலாமா? நெவார்க் வழி எனக்கு எப்படி?

ட்ரொம்சோ_தமிழன் எழுதியது:

ஏலாது. கிரீன்லாந்து டென்மார்க் அரசின்ர கீழ இருந்தாலும் ஷெங்கனுக்குள்ள இல்லை. விசாவில "கிரீன்லாந்துக்குச் செல்லுபடியாகும்" எண்டு தனியா எழுதியிருக்கவேணும், விண்ணப்பிக்கேக்கயே கேக்கவேணும். ஃபாரோ தீவுக்கும் இதே கதைதான். கவுண்டரில நிண்டு வாதாடி வேலையில்லை, ஏத்தமாட்டினம்.

வரைபடப்_பித்தன் எழுதியது:

நெவார்க் வழியின் தூரம்: ஒட்டாவாவிலிருந்து நெவார்க் 530, அங்கிருந்து நூக் 2,990. இக்காலுயிட்டிலிருந்து கணக்கிட்டால் மொத்தம் 5,620. ஐஸ்லாந்து வழியைவிட 2,400 கி.மீ. குறைவு. ஆனால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்காவில் விமானம் மாறவே விசா வேண்டும். அதுவும் 2025இல் கோடைக்கால விமானமாகத்தான் ஓடியது, இப்போதைய அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பனிக்காலப்_பயணி எழுதியது:

எனக்குக் கனேடியப் பாஸ்போட், அந்தப் பிரச்சினை இல்லை. மார்ச் லீவைக் கோடைக்கு மாத்தித் தரச்சொல்லி மேலாளரிட்டைக் கேட்டிருக்கிறன். கிழமைக்கு ஒரு விமானம் எண்டால் போனால் ஏழு நாளும் அங்கதான், நடுவில திரும்ப ஏலாது. மூடுபனி பிடிச்சால் எட்டு, ஒன்பது நாள் ஆகும் எண்டும் சொல்லி வைச்சிட்டன்.

@எரிபொருள்_கணக்கு அண்ணை, அப்பிடி நூக்கில இறங்க ஏலாமல் காங்கர்லுசுவாக்கில கொண்டுபோய் விட்டால், நூக்குக்கு அடுத்த விமானம் அவையே தருவினமோ, நான் காசு குடுத்து எடுக்கவேணுமோ?

எரிபொருள்_கணக்கு எழுதியது:

டிக்கெட் நூக் வரை என்றால் நூக் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தங்கும் இடம்தான் கேள்வி, காங்கர்லுசுவாக் ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊர். மாற்றுத் துணி, மருந்து எல்லாம் கைப்பையில் வையுங்கள். எடை கூடினால் பெட்டியைத்தான் முதலில் இறக்குவார்கள்.